கத்தரிக்கோலும் கல்முனைக் கரையும்

நாடு பார்க்கப் புறப்படுகிறவர்கள் கோயில்களையும் கோட்டைகளையும் அருவிகளையும் குறித்துக்கொண்டு செல்வது வழக்கம். ஓர் ஊரின் தையற்கடையைக் காண்பதற்கென்றே பஸ் ஏறுகிறவர் அரியர். ஆயினும், ஓர் ஊரார் தம்மைத் தாமே எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அறிய வேண்டுமாயின், அவ்வூர்த் தையற்காரரின் மேசையருகே அரைமணி நேரம் நின்றாற் போதும் என்பது நமது அபிப்பிராயம். எது மறைக்கப்பட வேண்டும், எது மிடுக்காகத் தோன்ற வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க மனம் வராது என்பனவெல்லாம் அம்மேசையின்மேல் துணியோடு சேர்த்து அளக்கப்படுகின்றன. கல்முனைக் கரையோரத்தில் இவ்வாறு நின்று கண்டவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே செல்லும் பெருவீதி, வாவியை ஒரு புறமும் கடலை மறுபுறமும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் ஓடிக் கல்முனையை அடைகின்றது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கள் வருகின்றன. பெரியநீலாவணையைத் தாண்டினால் மருதமுனை. அப்பால் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். இன்னும் தெற்கே ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த இப்பகுதி, 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. முஸ்லிம் ஊரும் இந்துத் தமிழர் ஊரும் மாலையில் இருவகைப் பூக்களை மாற்றிமாற்றித் தொடுத்தாற்போல் அமைந்துள்ளன. பாண்டிருப்பிலே திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றம். காரைதீவிலே 1892ஆம் ஆண்டில் விபுலாநந்த அடிகள் பிறந்த மண். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். கிழக்கே வங்கக் கடல்.

நாம் அங்கு சென்றதற்குக் காரணமாயிருந்தவள் நம் தமக்கையாரின் மகள். அண்மையில் ஓர் அலுவலகத்தில் உத்தியோகம் ஏற்றவள். கோப்புகளைச் சுமந்துகொண்டு வெயிலிலும் தூசியிலும் வெளிவேலைக்குச் செல்ல வேண்டிய பதவி அது. ஆண்கள் அணியும் கோட்டைப் போன்று தோளும் கொலரும் பையும் அமைந்து, ஆனால் அதைப்போல் விறைத்து நில்லாமல், மென்மையாகத் தொங்கும் ஒரு மேலங்கி தனக்கு வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கைத்தொலைபேசியில் பல படங்களையும் எடுத்துக் காட்டினாள். மேனாட்டுப் பெண்கள் இக்காலத்தில் அத்தகைய கோட்டுகளை விரும்பி அணிவதை அப்படங்களிற் கண்டோம்.

தமக்கையாரோ ஆட்சேபித்தார். “ஆம்பிளை உடுப்பு இவளுக்கு எதற்குத் தம்பி? நீயும் சேர்ந்து ஆடுகிறாயே” என்று நம்மையும் கடிந்தார்.

இந்த ஆட்சேபத்தைச் சிரித்துத் தள்ளிவிடுதல் நியாயமன்று. எத்தனையோ குடும்பங்களில் எழும் கேள்வி இது. எனினும், நமது பாடசாலை வாசலில் காலை வேளையில் நின்று பார்ப்போமாயின், எத்தனையோ மாணவியர் வெள்ளைச் சீருடையின்மேல் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு செல்வதைக் காண்கிறோம். அக்கழுத்துப்பட்டி ஐரோப்பிய ஆடவரின் உடையிலிருந்து வந்தது. கைக்கடிகாரம் அணியாத ஆசிரியை உண்டா? மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டணிந்த பெண் வைத்தியரைக் கண்டு யாரேனும் முகஞ்சுளித்ததுண்டா? ஒரு பொருள் யாரிடமிருந்து வந்தது என்பது சிறிது காலத்தில் மறந்துபோகும். அது பயன்படுகின்றதா என்பதே நின்று நிலவும். தமக்கையாரிடம் இதைச் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை, போய்வரத் தடுக்கவுமில்லை.

முதலில் மருதமுனையில் இறங்கினோம். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. உள்வீதிகளில் நடந்தால் ஏதேனும் ஒரு வேலிக்கு அப்பாலிருந்து தறியின் சத்தம் காதில் விழும். சேலை, சாரம், படுக்கை விரிப்பு முதலியன இங்கு நெய்யப்படுகின்றன. நாம் சென்ற வீட்டில், முதியவர் ஒருவர் மிதியை அழுத்துந்தோறும் பாவு இரண்டாகப் பிரிய, இடையே நாடா வலமும் இடமும் ஓடி ஊடையை இழுத்துச் சென்றது. திண்ணையில் அமர்ந்து அவருடைய மனைவியார் தார் சுற்றிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் இளம்பச்சைக் கட்டமிட்ட, இன்னும் மூட்டாத சாரத் துணியை நம் மருமகள் எடுத்து விரித்தாள்.

“இது ஆம்பிளைச் சாரத் துணி பிள்ள, உனக்கு எதுக்கு?” என்றார் முதியவர். அவருக்கும் தமக்கையாருக்கும் அறிமுகமில்லை. ஆயினும் கேள்வி ஒன்றாகவே இருந்தது.

கோட்டுத் தைக்க என்று அவள் சொன்னதும், முதியவர் துணியின் மூலையைத் திருப்பிக் காட்டினார். சாயமேற்றிய நூலைக்கொண்டு நெய்வதால் அத்துணிக்கு முகப்பும் மறுபுறமும் ஒன்றே. அச்சடித்த துணியைப் போல் உள்ளே வெளிறியிருப்பதில்லை. “உள்துணி போடாமலே தைக்கலாம். ஆனா, வெட்ட முந்தி ஓர் இரவு தண்ணியில ஊறப் போடணும். சுருங்கிற சுருக்கமெல்லாம் முதலே சுருங்கட்டும்” என்றார். பருத்திக் கைத்தறித் துணி வாங்குவோர் அனைவரும் மனத்திற் கொள்ள வேண்டிய புத்திமதி இது.

சாரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. நம் முதியோர் ‘பளையகாட் சாரம்’ என்று சொல்லும் பெயர், சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு என்னும் துறைமுகத்தின் பெயரிலிருந்து பிறந்தது. அங்கிருந்து கட்டமிட்ட பருத்தித் துணிகள் கடல் கடந்து சென்றன. மலாய் நாட்டிலும் இன்றுவரை ‘பெலிக்காட்’ என்ற பெயரால் அச்சாரம் வழங்குகின்றது. ஆகவே சாரம் என்பது வங்கக் கடலைச் சூழ்ந்த நாடுகள் பலவற்றையும் ஒரு நூலிற் கோத்த துணி எனலாம். இக்கரை முஸ்லிம் ஆடவர் ஒரு காலத்தில் அச்சாரத்தின்மேல் கோட்டும், தலையிலே துருக்கித் தொப்பியும் அணிந்து சபைகளுக்குச் சென்றனர்.

அத்தொப்பியின் பொருட்டு இலங்கையில் ஒரு பெருங்கிளர்ச்சியே நடந்தது. 1905ஆம் ஆண்டில் எம். சி. அப்துல் காதர் என்னும் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது, அதனைக் கழற்ற வேண்டுமெனப் பிரதம நீதியரசர் பணித்தார். அவ்வாண்டின் இறுதி நாளன்று கொழும்பு மருதானைப் பள்ளிவாசலில் பெருந்திரளான மக்கள் கூடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். பின்னர் அத்தொப்பி அணியும் உரிமை கிடைத்தது. உடை என்பது வெறும் துணியன்று, ஒருவன் தன் மதிப்போடு சபையில் நிற்பதற்குரிய இடம் என்பதை ஆடவர் அன்றே உணர்ந்து போராடினர். அதே நியாயம் பெண்ணின் உடைக்கும் பொருந்தாதா என்று கேட்பதில் தவறில்லை.

துணியோடு கல்முனைக்கு வந்தோம். அங்கே உள்வீதி ஒன்றில், ஒரு வீட்டின் முன்னறையே தையற்கூடமாக அமைந்திருந்தது. எழுபது வயது கடந்த தந்தையார் ஒரு மூலையில் சாய்வுநாற்காலியில் அமர்ந்திருந்தார். நடுவே அகன்ற மேசை. அதன் முன் நாற்பது வயது மதிக்கத்தக்க அவருடைய மகள். தந்தையார் ஒரு காலத்தில் கோட்டு வெட்டுவதில் பேர்போனவர். ஆண்மக்கள் இருவரும் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றுவிட்டனர். வித்தையைக் கற்றுக்கொண்டவர் மகள்.

இங்கே இக்கரையின் வழக்கமொன்றை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று வரையுள்ள இப்பிரதேசத்தில், முஸ்லிம்களாயினும் இந்துத் தமிழராயினும், குடிமுறை தாய்வழியாகவே வழங்கி வந்துள்ளது. மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்துவைப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் இங்கு இயல்பு. ஆகவே அந்த முன்னறை அவருடைய சொந்த அறை. கடைத்தெருவில் வாடகை கொடுக்க வேண்டியதில்லை; வருகின்ற பெண்களும் கூச்சமின்றி உள்ளே வரலாம். பழைய வழக்கமொன்று புதிய தொழிலுக்கு நிழல் கொடுத்து நிற்பதை அங்கே கண்டோம்.

“வாங்க சேர், இரிங்க” என்று உபசரித்த தந்தையார், பேச்சினிடையே ஓர் உண்மையை வெளியிட்டார். “பொம்புளப் பிள்ளைகள்ற உடம்புல அளவுநாடா வைக்க எங்களுக்கு ஏலாது சேர். அளவுச் சட்டை ஒண்டைக் கொண்டாருவாங்க. அதைப் பார்த்துத்தான் வெட்டுவம். அது முந்தியே பிழையான சட்டையா இருந்தா, நாங்க வெட்டுறதும் பிழைதான்.”

இவ்வொரு வாக்கியத்தில் பெரியதொரு விஷயம் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது. கோட்டு வெட்டும் கலை ஆடவரிடம் இருந்தது. பெண்ணின் உடலை அளக்கும் உரிமையோ பெண்ணிடம் மாத்திரமே இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அதனாலேயே நம் பெண்களுக்கு, தோளுக்குச் சரியாகப் பொருந்தும் மேலங்கி ஒன்று கிடைக்காமற் போயிற்று. தந்தையின் கத்தரிக்கோலை மகள் கையில் எடுத்த அன்றே அச்சந்திப்பு நிகழ்ந்தது.

மருமகளை நேராக நிற்கச் சொல்லி, முதுகுப்புறமிருந்து அளந்தார் அந்த மாது. சற்றே நிதானித்து, “வலத்தோள் கால் அங்குலம் இறங்கியிருக்கு. பை கொழுவுற தோளா தங்கச்சி?” என்று கேட்டார். அவள் வியந்து, “ஓம் ராத்தா” என்றாள். பள்ளிக்கூடக் காலந்தொட்டு அந்தத் தோளிலேதான் பை. “சட்டை பொய் சொல்லும், தோள் பொய் சொல்லாது” என்றார் மாது. மூலையிலிருந்த தந்தையார் தலையசைத்து ஆமோதித்தார்.

ஆண்களின் கோட்டு எவ்வாறு அமைகின்றது என்பதை மாணவர்களின் பொருட்டு இங்கு விளக்குவோம். வெளியே கம்பளித் துணி. உள்ளே வழுவழுப்பான உள்துணி. இரண்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல், குதிரைமயிர் கலந்த கித்தான். மார்பும் கொலர் மடிப்பும் உருக்குலையாமல் நிற்பது அக்கித்தானின் வலிமையால். தோளிலே பஞ்சுத் திண்டு. கம்பளியை நீராவியாலும் சூட்டாலும் சுருக்கவும் நீட்டவும் இயலும். அவ்வாறு உடலுக்கேற்ப அதனை வளைக்கின்றனர். இவ்வளவும் சேர்ந்தால் குளிர்நாட்டுக்கு உகந்த ஒரு கவசம் கிடைக்கும். கல்முனை வெயிலில் அதனை அணிந்தவர் படும் பாட்டைக் கூற வேண்டியதில்லை.

மென்மையான தையல் என்பது இக்கவசத்தைக் களைவதாகும். கித்தானும் பஞ்சும் போய்விடும். தோள் சட்டைத் தோளைப்போல் இயல்பாக விழும். ஆனால் தாங்கி நிற்க உள்ளே ஒன்றுமில்லாதபோது, துணியின் வெட்டு மாத்திரமே உருவத்தைக் காக்க வேண்டும். பருத்தித் துணியோ கம்பளியைப் போல் இஸ்திரிப் பெட்டிக்கு வளைந்து கொடுப்பதில்லை. ஆகவே, எங்கே பிரித்து எங்கே மூட்டுவது என்பதைக் கத்தரி வைக்குமுன்னே கண்டுகொள்ள வேண்டும். தந்தையாரின் வாக்கில் சொன்னால், “கண்ணால வெட்டிப்போட்டுத்தான் கத்தரியால வெட்டணும்.”

கைக்குழியைப் பற்றிய நுட்பம் நம்மை மிகவும் கவர்ந்தது. கையைத் தாராளமாக அசைக்க வேண்டுமாயின் கைக்குழியைப் பெரிதாக வெட்ட வேண்டும் என்றே நாம் எண்ணியிருந்தோம். உண்மை அதற்கு மாறானது. குழி அக்குளுக்கு அண்மையில் உயர்ந்து அமைந்தால், கையைத் தூக்கும்போது கோட்டு தன் இடத்தில் நிற்கும். குழி தாழ்ந்து பெரிதாயிருந்தால், கையோடு சேர்ந்து முழுக் கோட்டும் மேலெழும். கரும்பலகையில் எழுதும் ஆசிரியைகள் இதனைத் தம் அனுபவத்தால் அறிவர்.

உள்துணி இல்லாத கோட்டு எளிதானது, மலிவானது என்று கருதுவோரும் உளர். அதுவும் தவறு. உள்துணி இருந்தால் உள்ளேயுள்ள கரடுமுரடுகளை அது மூடிவிடும். இல்லாவிடில் ஒவ்வொரு தையலோரத்தையும் பட்டி வைத்து மூடித் தைக்க வேண்டும். கட்டமிட்ட துணியாயின், முதுகின் நடுத்தையலிலும் கையிலும் பையிலும் கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும். அதற்காக மேலதிகத் துணியும் வேண்டும், பொறுமையும் வேண்டும். பார்வைக்கு எளிமையாகத் தோன்றுவதற்குள்ளே உழைப்பு மிகுதியாக மறைந்திருக்கிறது.

இவ்வித்தை கல்முனையில் மட்டும் தோன்றியதன்று. கடல்கடந்த நாடுகளிலும் கத்தரிக்கோல் யார் கையிலிருக்க வேண்டும் என்பது பெரும் வழக்காகவே இருந்துள்ளது. பாரிஸ் நகரில் பெண் தையற்காரர், பெண்களுக்குரிய உடைகளைத் தைத்து விற்கும் சட்டபூர்வமான உரிமையோடு தமக்கெனத் தனிச் சங்கம் பெற்றது 1675ஆம் ஆண்டிலேதான். அப்பொழுதும் விறைப்பான கச்சு போன்ற, கடின வெட்டு வேண்டிய உடைகளை ஆண் தையற்காரர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். பெண்கள் குதிரையேறும்போது அணியும் கோட்டும் ஆண் தையற்காரரின் வேலையாகவே நீடித்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில், கௌஸ் என்னும் துறைமுக நகரைச் சேர்ந்த ரெட்பேர்ன் நிறுவனத்தார், பாய்மரப் படகுப் போட்டிக்கு வரும் சீமாட்டிகளுக்காக ஆண்களின் கோட்டைத் தழுவிய உடைகளைத் தைத்துப் புகழ் பெற்றனர்.

பின்னர் ஒரு பெண்ணே முன்வந்தார். கபிரியேல் ஷனேல் அம்மையார், முதலாம் உலகப் போர்க்காலத்தில், பெரும்பாலும் ஆடவரின் உள்ளாடைக்குப் பயன்பட்ட ஜேர்சி என்னும் பின்னல் துணியைக் கொண்டு பெண்களின் உடைகளை அமைத்தார். போர்களுக்குப் பின் 1954இல் தம் நிறுவனத்தை மீண்டும் திறந்தபோது, அவர் தைத்த கோட்டுகளில் கித்தானின் விறைப்பு இல்லை. அவை ஒழுங்காகத் தொங்குவதற்காக உள்ளோரத்தில் மெல்லிய சங்கிலியொன்றை வைத்துத் தைத்தனர். 1966இல் ஈவ் சான் லோரான் ஆடவரின் விருந்து உடையைப் பெண்ணுக்கென மாற்றியமைத்தார். பாரிஸ் நகரில் பெண்கள் காற்சட்டை அணிவதானால் பொலிஸாரின் அனுமதி பெற வேண்டுமென 1800ஆம் ஆண்டில் பிறப்பித்த கட்டளை, பெயரளவிலேனும் 2013 வரை ஏட்டில் இருந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இத்தாலியில் நேப்பிள்ஸ் என்பது கல்முனையைப் போலவே ஒரு கரையோர நகரம். அங்கே 1930களில் ருபினாச்சியின் கடையில் வெட்டுநராயிருந்த வின்சென்சோ அத்தோலினி, ஆங்கிலேயக் கோட்டின் பஞ்சையும் கித்தானையும் குறைத்து, சட்டையைப் போல் இலேசான கோட்டை உருவாக்கினார். 1975இல் மிலான் நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோர்ஜியோ ஆர்மானி, இந்த மென்மையை ஆடவருக்கும் பெண்டிருக்கும் பொதுவாக்கி உலகெங்கும் பரப்பினார். அவர் 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் காலமானார். ஆகவே மருமகள் தொலைபேசியில் காட்டிய படங்களுக்குப் பின்னே முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு கதை இருந்தது.

கல்முனையில் அக்கதை தனக்கேயுரிய ஒரு திருப்பத்தை அடைந்திருக்கிறது. மேனாட்டுப் பெண்ணுடை பெரும்பாலும் இடுப்பைப் பிடித்து நிற்பது. ஆடவரின் கோட்டோ தோளிலிருந்து தொங்குவது. உடலைத் தொட்டும் தொடாமலும் விழுவது. உடலோடு ஒட்டாத உடையையே விரும்பும் முஸ்லிம் பெண்களுக்கு இரண்டாவது வகையே ஏற்றது. அந்த மாதிடம் வரும் ஆசிரியைகளும், வங்கியில் வேலை பார்ப்போரும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவியரும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீண்ட கோட்டுகளையே தைப்பிக்கின்றனராம். அபாயாவின் தாராளமும் கோட்டின் ஒழுங்கும் அதில் ஒன்று சேர்கின்றன. மேனாட்டார் நாகரிகத்தின் பொருட்டு நாடிய மென்மையை, இக்கரைப் பெண்கள் அடக்கத்தின் பொருட்டு நாடுகின்றனர். இரு சாராரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்களின் கோட்டில் வெளியே மூன்று, உள்ளே இரண்டு எனப் பைகள் இருக்கும். பெண்களின் உடையிலோ ஒன்றுகூட இராது. இருந்தாலும் விரல் நுனி நுழையாத அலங்காரப் பையாக இருக்கும். மாது, உள்ளங்கை முழுவதும் இறங்கும் ஆழத்தில் இரண்டு பைகளை வெட்டினார். “திறப்பும் காசும் தன்ற உடம்போட இருக்கணும். அதுக்கும் ஒராளை எதிர்பார்க்கப்படாது” என்பது அவர் விளக்கம். தந்தையின் பழைய காகித மாதிரியில் பொத்தான்கள் ஆண்களுக்குரிய வலப்புறத்தில் இருந்தன. அவற்றை மட்டும் இடப்புறத்துக்கு மாற்றினார்.

ஒரு வாரங் கழித்து மீண்டும் சென்றோம். மலிவான வெள்ளைத் துணியில் வெட்டி நூலோடியிருந்த மாதிரியை அணிவித்துப் பார்த்து, ஊசி குத்தித் திருத்தி, அதன் பின்னரே சாரத் துணியில் கத்தரி வைத்தார். மேசையின் மறுபுறத்தில் இரு இளம்பெண்கள் பழைய செய்தித்தாள்களில் கையும் கொலரும் வரைந்து வெட்டிப் பழகிக்கொண்டிருந்தனர். அக்காட்சியே இப்பிரயாணத்தில் நமக்கு எல்லாவற்றினும் முக்கியமாகப் பட்டது.

ஏனெனில், தையல் தெரிந்த பெண்கள் நம் நாட்டில் குறைவில்லை. சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தையல் இயந்திரம் இல்லாத தெரு அரிது. 1992இல் அரசாங்கம் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களில் ஆடையே முதலிடம் பெறுகின்றது. அத்தொழிற்சாலைகளில் உழைப்போருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆயினும் அங்கே ஓர் உடை பல சிறு வேலைகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒருத்தி கை பொருத்துவாள், ஒருத்தி கொலர் தைப்பாள். பல ஆண்டு உழைத்த பின்னரும் முழு உடையொன்றை வெட்டும் வாய்ப்பு அவளுக்கு வருவதில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் இக்கரையெங்கும் விதவைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் உதவியாளர்கள் தையல் இயந்திரங்களை வழங்கினர். நற்செயலே. ஆனால் இயந்திரத்தோடு வெட்டும் கலையையும் சேர்த்து வழங்கியவர் எத்தனை பேர்? தைப்பவளுக்குக் கூலி, வெட்டத் தெரிந்தவளுக்குத் தொழில். இவ்வேறுபாடு சிறியதன்று.

தறிக்கும் இதிலே பங்குண்டு. நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 1977இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் மலிவான துணிகளோடு கைத்தறி போட்டியிட நேர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து நூல் விலை ஏறியது. சாரத்தைச் சாரமாக மட்டும் விற்றால், நெசவாளர் இயந்திரத் தறியின் விலையோடு மல்லுக்கு நிற்க வேண்டும். அதே துணி நன்றாக வெட்டிய ஒரு கோட்டாகுமாயின், இருவர் கைத்திறனுக்கும் அதில் இடம் கிடைக்கும். மருதமுனைத் தறிக்கும் கல்முனைக் கத்தரிக்கும் இடையே சில கிலோமீற்றர் தூரமே உள்ளது. அத்தூரத்தைக் கடக்கச் செய்ய வேண்டியவர்கள் வாங்குவோராகிய நாமே.

கோட்டு முடிந்து கூலியைக் கேட்டபோது மாது தயங்கினார். ஆடவரின் கடையில் ஒரு கோட்டுக்குக் கேட்பதில் பாதிக்கும் குறைவாகவே சொன்னார். “கூடச் சொன்னா, பொம்புள தைக்கிறதுக்கு இவ்வளவா எண்டு கேப்பாங்க சேர்” என்றார். தந்தையார் நாற்காலியிலிருந்தபடியே, “வெட்டுக்குக் கூலி கேளு மனே. நான் வெட்டுக்குத்தான் கேட்டனான்” என்று குரல் உயர்த்தினார். ஆடவர் கடையில் என்ன கூலியோ அதையே கொடுத்தோம். தர்மமாகக் கொடுத்ததன்று; கடன்பட்டதையே கொடுத்தோம்.

வீட்டில் தமக்கையார் கோட்டை வாங்கி, முகப்பைப் பார்க்கவில்லை. உள்ளே திருப்பி, தையலோரங்களின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். முதுகின் நடுவே கட்டங்கள் பொருந்தியிருப்பதைக் கவனித்தார். “இதை வெட்டியது யார்?” என்று கேட்டார். ஒரு பெண் என்று மருமகள் கூறினாள். தமக்கையார் அதற்குமேல் எதுவும் பேசாமல், மடிப்புக் கலையாதவாறு கோட்டை நாற்காலியின் முதுகில் போட்டுவைத்தார்.

இலங்கையில் 1993ஆம் ஆண்டு முதல் பாடசாலை மாணவர்க்குச் சீருடைத் துணி இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றது. அத்துணி வீட்டுக்கு வரும்போது, பக்கத்துத் தெருவில் தையல் செய்யும் ஒரு பெண்ணிடமே பெரும்பாலும் செல்கின்றது. இனிமேல் அவ்வாறு செல்லும் தாய்மார், தைப்பவர் தாமே வெட்டுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்பாராக. வெட்டத் தெரிந்தவராயின் அதற்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பாராக. மாணவியருள் தையலில் விருப்பமுடையோர், இயந்திரத்தை ஓட்டப் பழகுவதோடு நின்றுவிடாமல், காகிதமும் பென்சிலும் கத்தரியும் கொண்டு ஒரு தோளை வரைந்து வெட்டப் பழகுவாராக. அதற்கு விலையுயர்ந்த துணி வேண்டியதில்லை. படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் இந்தத் தாளே ஒரு கைக்குப் போதுமானது.